கார்டிசால் நார்மல் என்றால் என் பதற்றம் பொய்யா?

ஜூன் 3, மாலை (இந்த இணைய இழையில் வந்த கேள்வி)

"வயது 34. கொஞ்ச மாதங்களாகவே நெஞ்சு படபடப்பு. ராத்திரி தூக்கம் பிடிப்பதில்லை. காலையில் கண் விழித்ததுமே வயிற்றைப் பிசைகிறது. நெட்டில் படித்துவிட்டு நானே போய் கார்டிசால் டெஸ்ட் எடுத்தேன். காலை 8 மணி ரத்தம். 14 என்று வந்திருக்கிறது, நார்மலாம். வீட்டில் 'பாத்தியா, ஒண்ணுமே இல்ல, நீயாத்தான் நெனச்சுக்கிற' என்கிறார்கள். நிஜமாகவே பதற்றம் இருந்தால் ரத்தத்தில் தெரியத்தானே வேண்டும்?"

ஜூன் 3, இரவு

தெரிந்தே ஆகவேண்டும் என்று இல்லை. நான் திருச்சியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன், பல வருஷமாக இதே வேலை. 'நார்மல்' என்ற ஒரு வார்த்தையைக் காட்டி வாயை அடைத்து அனுப்பப்படும் பெண்களைக் கவுன்டரில் தினமும் பார்க்கிறேன். அதனால் இதற்கு நீளமாகவே எழுதுவேன்.

கார்டிசால் என்பது அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன், 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' என்றும் சொல்வார்கள். காலை 8 மணி கார்டிசால் டெஸ்ட் பதற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக வந்ததே இல்லை. சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறதா, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி அதைச் சரியாக ஏவுகிறதா என்று பார்க்கத்தான் டாக்டர்கள் அதை எழுதுகிறார்கள். அளவு மீறிச் சுரந்தால் குஷிங் நோய், வற்றிப்போனால் அடிசன் நோய். இரண்டுமே அபூர்வம். ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் வரம்பு கூடத்துக்குக் கூடம் கொஞ்சம் மாறும், ஏறக்குறைய 5 முதல் 25 வரை இருக்கும். எவ்வளவு அகலம் பாருங்கள். உங்களுக்கு வழக்கமாக 7 இருந்து இப்போது இரட்டிப்பாகி 14 ஆகியிருந்தாலும், இரண்டு முறையும் பக்கத்தில் 'நார்மல்' என்றுதான் விழும். உங்களுடைய பழைய அளவு யாரிடமும் இல்லை. அந்த 14ஐ வைத்து உங்கள் மனசைப் பற்றி வீட்டில் யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஜூன் 4, காலை

ராத்திரி விட்டுப்போனது. கார்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்காது. கண் விழித்த முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் சட்டென்று ஏறும், இது எல்லோருக்கும் நடப்பது. அப்புறம் மெல்ல இறங்கி நடுராத்திரியில் அடிமட்டத்துக்கு வரும். லால்குடிப் பக்கத்திலிருந்து நாலரை மணிக்கே எழுந்து, சமைத்து வைத்துவிட்டு முதல் பஸ்ஸில் வருகிற அம்மாவும், ஏழே முக்காலுக்கு எழுந்து எதிர் வீதியிலிருந்து நடந்து வருகிற பெண்ணும் என் முன்னால் அடுத்தடுத்து உட்காருவார்கள். இருவர் ட்யூபிலும் '8 மணி' என்றுதான் ஒட்டுகிறோம். அவர்கள் உடம்புக்கு அது ஒரே மணி இல்லை. எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேட்கும் கட்டம் எங்கள் படிவத்தில் கிடையாது. நான் கேட்டு ஓரத்தில் எழுதி வைப்பேன், அது ரிப்போர்ட் வரைக்கும் போவதில்லை.

காலையில் வயிற்றைப் பிசைகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதே காலை ஏற்றத்தின் நேரம்தான் அதுவும். அதற்கு இதுதான் காரணம் என்று சொல்லிவிட மாட்டேன். நேரம் ஒத்துப்போகிறது, அவ்வளவே.

ஜூன் 4, மதியம்

கருத்தடை மாத்திரை சாப்பிடுவதைப் பற்றிக் கேட்ட தோழிக்கு. ஆமாம், ரொம்ப முக்கியம், டாக்டரிடமும் கூடத்திலும் சொல்லியே ஆகவேண்டும். ரத்தத்தில் கார்டிசாலின் பெரும்பங்கு ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் ஓடுகிறது. பற்றாமல் தனியாக ஓடும் சின்னப் பங்குதான் உடம்பில் வேலை செய்கிறது. ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை அந்தப் புரதத்தைக் கூட்டிவிடும், கர்ப்பமும் அப்படியே. ஊசியில் எடுக்கிற ரத்தத்தில் இரண்டு பங்கையும் சேர்த்தே அளக்கிறோம். அதனால் எந்தப் பதற்றமும் இல்லாத பெண்ணுக்குக் கூட எண் ஏறி வரும். ஒரு பெண் 'எனக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஹை' என்று அழுதுகொண்டே வந்தார், மாத்திரை எடுப்பதை யாருமே அவரிடம் கேட்டிருக்கவில்லை. எச்சிலில் அளந்தால் தனியாக ஓடும் பங்கு மட்டும் தெரியும். ஆய்வு செய்பவர்கள் பெரும்பாலும் எச்சிலை எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜூன் 4, இரவு

கையில் கட்டும் ஸ்மார்ட்வாட்ச் பற்றி எழுதியவருக்குச் சுருக்கமாக. மலைக்கோட்டை ஏறி உச்சிப்பிள்ளையாரைப் பார்த்துச் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கும்போது 'ஸ்ட்ரெஸ் அதிகம்' என்று அது காட்டியதில் ஆச்சரியம் இல்லை. அதற்குத் தெரிந்தது நாடித்துடிப்பும், இரண்டு துடிப்புக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதும்தான். படி ஏறினாலும், காய்ச்சல் அடித்தாலும், பயந்தாலும் அந்த மாறுபாடு குறையும். சாமி பார்த்த நிறைவை அதனால் தனியாகப் பிரிக்க முடியாது.

ஜூன் 5

நேற்றைய வாட்ச் விஷயத்தை அப்படியே விட மனமில்லை. அந்தத் துடிப்பு மாறுபாடு வீண் அளவு இல்லை. பதற்ற நோய் உள்ளவர்களைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால், இல்லாதவர்களைவிட அது சராசரியாகக் குறைவாகத்தான் இருக்கிறது, நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் அப்படித்தான் வந்திருக்கிறது. சராசரி என்பது கூட்டத்துக்கு. தனி ஒரு பெண்ணின் மணிக்கட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தெரியும் எண்ணை வைத்து அவருக்குப் பதற்ற நோய் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. இன்னொன்று, பெண்களுக்குச் சராசரி நாடித்துடிப்பு ஆண்களைவிட வேகம். ஆனால் இதயத்தை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் பங்கும் பெண்களிடமே கூடுதலாகத் தெரிகிறது. கணவர் வாட்ச் எண்ணையும் உங்கள் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

ஜூன் 5, இரவு

"மனசுக்குப் பதற்றம் என்றால் உடம்பு அதே அளவுக்குக் காட்டும், இது விஞ்ஞானம்" என்று ஒரு அண்ணன் மேலே அடித்துச் சொல்லியிருக்கிறார். விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை அண்ணா. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

ஜெர்மனியில் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ்பாமும் கூட்டாளிகளும் 1993ல் மன அழுத்தத்தைச் சோதிக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். உலகம் முழுக்க இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்களை ஒரு அறைக்குள் விடுவார்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். கேமரா, மைக். ஒரு வேலைக்கு நீங்கள்தான் தகுதி என்று ஐந்து நிமிஷம் பேச வேண்டும். அவர்கள் சிரிக்க மாட்டார்கள், தலையாட்ட மாட்டார்கள். அப்புறம் 1022லிருந்து 13, 13ஆகக் கழித்துக்கொண்டே சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு தப்பு வந்தால் மறுபடி 1022லிருந்து. முன்னும் பின்னும் எச்சில் எடுத்து கார்டிசால் பார்ப்பார்கள், எவ்வளவு பதறினீர்கள் என்றும் கேட்பார்கள்.

பெரும்பாலானவர்களுக்குக் கார்டிசால் ஏறுகிறது, பெரும்பாலானவர்கள் பதறினேன் என்றும் சொல்கிறார்கள். ஆனால் அதிகம் பதறியவருக்கே அதிகம் ஏறியதா? 2012ல் கேம்பெல், ஏலெர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்த முறையில் நடந்த ஆய்வுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தார்கள். சொன்ன பதற்றமும் கார்டிசாலும் ஒத்துப்போனது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஆய்வுகளில் மட்டும். கை நடுங்க வெளியே வந்தவருக்கு ஹார்மோன் சும்மா இருந்திருக்கிறது. ஒன்றும் தெரியவில்லை என்றவருக்கு எகிறியிருக்கிறது.

இதில் எனக்கு ஆச்சரியம் குறைவு. நாடி நொடியில் ஏறும். கார்டிசால் இருபது முப்பது நிமிஷம் கழித்துத்தான் உச்சிக்கு வரும். எப்படி இருந்தது என்று கேட்கும்போது வாய் சொல்வது நினைவிலிருந்து வருகிறது. மூன்றும் வேறு வேறு கடிகாரம்.

ஜூன் 6, காலை

மாதவிடாய் நாளைப் பொறுத்துக் கார்டிசால் மாறுமா என்று கேட்டீர்களே, அதற்கும் இதே ட்ரியர் குழுவிடமே விடை இருக்கிறது. 1999ல் அவர்கள் வெளியிட்டது: அதே அறைச் சோதனையில், கருமுட்டை வெளிவந்த பிறகு உள்ள இரண்டாம் பாதியில் இருக்கும் பெண்களுக்கு எச்சில் கார்டிசால் ஆண்களைப் போலவே ஏறியது. முதல் பாதியில் இருந்தவர்களுக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் அந்த ஏற்றம் குறைவு. ஆக ஒரே பெண், ஒரே பயம், மாதத்தின் எந்த வாரம் என்பதைப் பொறுத்து எண் வேறு.

இதெல்லாம் ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிய வந்தது என்றால், பெண்களை ஆய்வுக்கு எடுத்தாலே மாதச் சுழற்சி குழப்புகிறது என்று ஒதுக்கியே வைத்திருந்தார்கள். 2000ல் உளவியலாளர் ஷெல்லி டெய்லர் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கிறது: 1995க்கு முன் நடந்த மன அழுத்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் பெண்கள் சுமார் 17 சதவீதம். 'எதிர்த்து நில் அல்லது ஓடு' என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அது பெரும்பாலும் ஆண்களிடம் பார்த்தது. எனக்கு இது நிஜமாகவே கோபம் வரவைக்கிற விஷயம். குழப்புகிறது என்றால் அங்கேதானே இன்னும் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும்.

ஜூன் 6, இரவு

"அப்போ உடம்புக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லையா?" சம்பந்தம் உண்டு, அந்தப் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். ஒரு நாள் பதற்றத்துக்கும் ஒரு ட்யூப் ரத்தத்துக்கும்தான் பொருத்தம் தளர்வு. வருஷக்கணக்கில் இழுக்கும்போது உடம்பு காட்டத்தான் செய்கிறது, வேறு இடங்களில்.

1995ல் லான்செட் இதழில் கீகோல்ட்-கிளேசர் குழு வெளியிட்ட ஆய்வை நான் மறக்க மாட்டேன். மறதி நோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் பெண்கள் 13 பேர், அதே வயதில் அந்தச் சுமை இல்லாத 13 பேர். எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டரில் ஒரே மாதிரிச் சின்னக் காயம் உண்டாக்கி ஆறுவதைக் கவனித்தார்கள். சுமை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறியது. பராமரிப்பவர்களுக்கு ஏறக்குறைய 49 நாள். 26 பேர் என்பது சின்ன ஆய்வுதான். ஆனாலும் அந்தப் பத்து நாள் வித்தியாசத்தைத் தோலில் கண்ணால் பார்க்க முடிந்திருக்கிறது.

2004ல் கலிஃபோர்னியாவில் எலிசா ஈபெலும், பிறகு நோபல் பரிசு வாங்கிய எலிசபெத் பிளாக்பர்னும் 58 தாய்மார்களைப் பார்த்தார்கள். பெரும்பாலானோருக்கு நாள்பட்ட நோயுள்ள குழந்தை. எத்தனை வருஷமாகப் பார்த்துக்கொள்கிறார்களோ, எவ்வளவு அழுத்தமாக உணர்கிறார்களோ, அதற்கேற்ப ரத்த வெள்ளை அணுக்களில் டெலோமியர் என்கிற குரோமோசோம் முனைகள் குட்டையாக இருந்தன. இங்கே பெண்கள் தாங்களே சொன்ன அழுத்தம் உடம்பின் அளவோடு ஒத்துப்போகிறது. இது பதற்ற நோய் பற்றிய ஆய்வு இல்லை, பாரம் பற்றியது. இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 8

பராமரிப்பவர்கள் என்று எழுதியதும் என் கதையும் கேட்டார்கள். சொல்கிறேன்.

என் மாமியாருக்கு மறதி நோய். இரவில் எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார். தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே படுத்திருந்து, விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு விழிப்பது எனக்குப் பழகிப்போனது. பகலில் வேலைக்கு வந்தால் மாடிப்படி ஏறும்போது அதே படபடப்பு, மூச்சு வாங்கும். ஒரு டாக்டரிடம் போனேன். வீட்டு நிலைமையைக் கேட்டார். 'எல்லாம் டென்ஷன்தாம்மா, ரெஸ்ட் எடுங்க' என்றார். நாடி பிடித்துப் பார்த்தார், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்க்கவில்லை.

கூடத்தில் உடன் வேலை பார்க்கும் பெண் ஒரு நாள் என் நகத்தைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து உட்கார வைத்து ரத்தம் எடுத்தாள். ஹீமோகுளோபின் 8.1. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. மாதாமாதம் போகிற அதிக ரத்தத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். படபடப்பு என்று வரும் பெண்ணுக்கு முதலில் பார்க்க வேண்டிய மலிவான டெஸ்ட் அது.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன். படி ஏறும்போது வந்த படபடப்பு போய்விட்டது. மூன்று மணி விழிப்பு போகவில்லை. அதற்கு மனநல மருத்துவரிடம் போனேன், பேச்சு வழியாகச் சிகிச்சை எடுத்தேன், மாமியாரைப் பார்த்துக்கொள்ள இரவில் என் நாத்தனார் முறைபோட்டு வந்தார். அப்புறம்தான் தூங்கினேன். ஒரே நெஞ்சுதான், ஒரே படபடப்பு மாதிரிதான் இருந்தது. உள்ளே இரண்டு காரணம் இருந்திருக்கிறது. ரத்தசோகை தெரிந்தபின் 'பார், டென்ஷன் இல்லை' என்று நின்றிருந்தாலும் நான் தேறியிருக்க மாட்டேன்.

ஜூன் 9

தைராய்டு கூடினாலும் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எடை இறக்கம் எல்லாம் வரும், அச்சு அசலாகப் பதற்றம் மாதிரியே. டிஎஸ்எச் (தைராய்டை ஏவும் ஹார்மோன்) பார்த்துவிடுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இங்கே நிறைய இருப்பீர்கள். அதிக அளவு பயோட்டின், சில கூடங்களில் உள்ள பரிசோதனை முறையைக் குழப்பும்: டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்து, டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) பொய்யாக ஏறி, தைராய்டு கூடிய மாதிரியே ரிப்போர்ட் வரும். கார்டிசாலையும் பொய்யாக ஏற்றிக் காட்டலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017லேயே எச்சரித்தது. மாத்திரை எடுப்பதை டாக்டரிடம் சொல்லி, எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று கேட்டுவிட்டு வாருங்கள். முடிக்குச் சாப்பிடுவது மருந்து இல்லை என்று நினைத்துச் சொல்லாமல் விடுகிறார்கள்.

ஜூன் 9, இரவு

கார்டிசால் ரொம்பக் குறைவாக வந்ததாக எழுதிய தங்கைக்கு. முகம் வெளுக்க என்று கடையில் வாங்கிய கிரீம் ஏதாவது நீண்ட நாளாகப் போடுகிறீர்களா? அவற்றில் சிலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். தோல் வழியே உள்ளே போய், சுரப்பியை வேலை செய்யவிடாமல் படுக்க வைத்துவிடலாம். டியூபை எடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். ஸ்டீராய்டு மாத்திரையோ இன்ஹேலரோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தக் கூடாது, ஆபத்து.

ஜூன் 11

முதலில் கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். ஹீமோகுளோபின் 12.4, டிஎஸ்எச் சரி, இசிஜி சரி. மருத்துவர் ஏழு கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார், மொத்தம் 13 வந்திருக்கிறது. அதைக் காட்டியதும் வீட்டில் அமைதியாகிவிட்டார்களாம்.

அது ஜிஏடி-7 என்ற பதற்றக் கேள்வித்தாள், 2006ல் வந்தது. கடந்த இரண்டு வாரத்தில் பதற்றமாக இருந்தீர்களா, கவலையை நிறுத்த முடியாமல் போனதா என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம். கவனித்தீர்களா, அந்த 13 எந்த ஊசியிலிருந்தும் வரவில்லை. நீங்கள் வீட்டில் இத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததையேதான் மருத்துவர் கேட்டு எண்ணாகக் கூட்டியிருக்கிறார். அப்போதே நம்பியிருக்கலாம்.

ஜூன் 11, சற்றுக் கழித்து

"எச்சில் டெஸ்ட் எடுத்து உறுதி செய்துகொள்ளட்டுமா?" வேண்டாம். காசு மிச்சம் பண்ணுங்கள். அதில் என்ன எண் வந்தாலும் மருத்துவர் செய்யப்போகும் சிகிச்சை மாறாது. மாத்திரையா பேச்சுச் சிகிச்சையா என்பதை அவரிடமே பேசி முடிவு செய்யுங்கள். மருந்துப் பெயரை இங்கே போட்டு மற்றவர்களிடம் கேட்காதீர்கள். மாதவிடாய் தேதியையும் படபடப்பு வரும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போனால் அவருக்கு உதவும்.

பக்கத்தில் மனநல மருத்துவர் இல்லை என்று எழுதிய மற்றவர்களுக்கு: டெலி-மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி, 14416. அரசு நடத்துவது, இலவசம், தமிழில் பேசலாம். நெஞ்சில் இறுக்கிப் பிடிக்கும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, மயக்கம் என்றால் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரி. பதற்றம்தான் என்று ஏற்கெனவே பெயர் வாங்கிய பெண்ணாக இருந்தாலும் இசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.